விமான நிலையத்திலிருந்து ஈப்பர் வரை: டாக்சி ஏற்பாடு செய்துகொள்ளும் முறை

பெல்ஜியத்தின் மேற்குக் கோடியில், பிரெஞ்சு எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய ஊர் ஈப்பர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் கம்பளித் துணி வணிகத்தில் கொழித்த இவ்வூர் முதல் உலகப் போரின் நான்கு ஆண்டுகளில் ஏறக்குறைய தரைமட்டமாகி, பிறகு பழைய வடிவிலேயே மீண்டும் எழுப்பப்பட்டது. ஊர் நடுவில் நிற்கும் துணி மண்டபத்தின் மறுகட்டுமானம் 1967-இல்தான் முடிந்தது. ஆண்டு முழுவதும் வெளிநாட்டவர் வந்துபோகும் இடமாக இருந்தாலும் இவ்வூருக்கென்று விமான நிலையம் கிடையாது. பிரசெல்ஸ் விமான நிலையத்தில் இறங்கினால் ஏறத்தாழ 130 கிலோமீட்டர் சாலைப் பயணம் மீதமிருக்கும். அந்தத் தொலைவை டாக்சியில் கடக்க எண்ணுவோருக்காக இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன். கார் எது, ஓட்டுநர் யார் என்பவை கடைசியில் வரும் கேள்விகள். எந்த விமான நிலையம், எந்தப் பெயர், எந்த அஞ்சல் எண், எத்தனை மணி என்ற நான்கையும் முன்கூட்டியே எழுத்தில் உறுதி செய்துகொண்டால் பயணத்தில் கோளாறு வர வாய்ப்பு மிகக் குறைவு.

டாக்சி உண்மையில் தேவைதானா என்பதை முதலில் பார்த்துவிடுவோம். பிரசெல்ஸ் விமான நிலையக் கட்டடத்துக்கு அடியிலேயே ரயில் நிலையம் இருக்கிறது. அங்கே ஏறி, கென்ட் அல்லது கோர்ட்ரைக் நிலையத்தில் வண்டி மாறினால் இரண்டு முதல் இரண்டரை மணி நேரத்தில் ஈப்பர் போய்ச் சேரலாம். ஈப்பர் ரயில் நிலையத்திலிருந்து நகரச் சதுக்கம் பத்து நிமிட நடைதான். முதுகுப்பை ஒன்றோடு தனியாக வரும் இளைஞருக்கு டாக்சி வீண் செலவு என்றே சொல்வேன். மூன்று பேருக்கு மேல் வரும்போதும், முழங்கால் வலியுள்ள பெரியவரோ கைக்குழந்தையோ உடன் வரும்போதும், பெரிய பெட்டிகள் நான்கைந்து இருக்கும்போதும், இரவு வெகுநேரம் கழித்து இறங்கும்போதும் கணக்கு மாறிவிடும். வேலைநிறுத்த நாள்களிலும் அப்படித்தான். 2025-இல் பெல்ஜியத்தில் நடந்த பொது வேலைநிறுத்தங்களில் ரயில்கள் குறைந்தன. பிரசெல்ஸ் விமான நிலையத்திலிருந்து புறப்பட வேண்டிய விமானங்களும் நிறுத்தப்பட்டன. பயணத் தேதியை முடிவு செய்யுமுன் அந்த நாளில் அப்படி ஏதும் அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

எந்த விமான நிலையம்?

இந்தக் கேள்வி அற்பமாகத் தோன்றினாலும் அதிகம் பேர் தவறுவது இங்கேதான். பயணச்சீட்டில் ‘பிரசெல்ஸ்’ என்று இருந்தால் அது இரண்டில் ஒன்றைக் குறிக்கலாம். ஒன்று, தலைநகரின் வடகிழக்கில் உள்ள சாவென்டெம். வளைகுடா நாடுகளிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வருவோர் பெரும்பாலும் இறங்குவது இங்கே. மற்றொன்று, ‘பிரசெல்ஸ் தெற்கு’ என்ற அடைமொழியோடு விற்கப்படும் சார்லெருவா. மலிவுக் கட்டண விமானங்கள் அதிகம் வந்துபோகும் இடம். இரண்டுக்கும் இடையே சாலை வழியாக ஏறத்தாழ 70 கிலோமீட்டர். சாவென்டெமில் ஓட்டுநர் பெயர்ப் பலகையோடு காத்திருக்க, பயணி சார்லெருவாவின் வாசலில் நின்று கைபேசியில் கோபித்துக்கொள்ளும் காட்சி அபூர்வமானதல்ல. நானே ஒருமுறை முன்பதிவுப் படிவத்தில் ‘பிரசெல்ஸ்’ என்று மட்டும் எழுதி அனுப்பிவிட்டு, மறுநாள் நிறுவனத்திலிருந்து “எந்த பிரசெல்ஸ்?” என்று தொலைபேசியில் கேட்டபோதுதான் விழித்துக்கொண்டேன். கேட்காமல் விட்டிருந்தால் தவறு முழுக்க என்னுடையதாகவே இருந்திருக்கும். ஊர்ப்பெயரோடு விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டையும் எழுதிவிடுங்கள்: சாவென்டெமுக்கு பி.ஆர்.யு., சார்லெருவாவுக்கு சி.ஆர்.எல்.

சாலைத் தொலைவைப் பொறுத்தவரை இவ்விரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. எங்கிருந்து வந்தாலும் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. ஆனால் சார்லெருவா விமான நிலையத்துக்குள் ரயில் கிடையாது. பேருந்தில் நகர ரயில் நிலையம் போய்த்தான் வண்டி பிடிக்க வேண்டும் என்பதால், அங்கே இறங்குவோருக்கு டாக்சியின் பயன் இன்னும் கூடுதல்.

தொலைவைக் குறைக்க விரும்புவோர் எல்லைக்கு அப்பால் இருக்கும் பிரெஞ்சு நகரமான லீலையும் எண்ணிப் பார்க்கலாம். லீல் விமான நிலையத்திலிருந்து ஈப்பர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான். லண்டனில் வசிக்கும் தமிழர்களுக்கு இது இன்னும் எளிது: கடலடிச் சுரங்க ரயிலில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் லீல் வந்துவிடலாம், அங்கிருந்து டாக்சியில் முக்கால் மணி நேரம் போதும். பாரிஸின் சார்ல் து கோல் விமான நிலையத்தில் இறங்குவோரும் அதன் உள்ளிருந்தே புறப்படும் அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்தில் லீலை அடையலாம். ஆனால் லீலிலிருந்து புறப்படும்போது நீங்கள் ஒரு நாட்டில் ஏறி வேறொரு நாட்டில் இறங்குகிறீர்கள் என்பதை மறக்க வேண்டாம். பெல்ஜிய நிறுவனத்தை அமர்த்துவதாக இருந்தால், பிரான்சுக்குள் வந்து ஏற்றிக்கொள்வார்களா என்று வெளிப்படையாகக் கேட்டு, ஆம் என்ற பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரே ஊருக்கு மூன்று பெயர்

பெல்ஜியத்தின் வடபாதியான ஃபிளாண்டர்ஸில் டச்சு மொழியும் தென்பாதியான வலோனியாவில் பிரெஞ்சும் ஆட்சிமொழிகள். சாலைப் பலகைகள் அந்தந்தப் பகுதியின் மொழியிலேயே இருக்கும். ஈப்பர் என்பது டச்சுப் பெயர். ஊர்க்காரர்கள் சொல்வதும் பலகையில் இருப்பதும் அதுவே. ஈப்ர என்பது பிரெஞ்சுப் பெயர். ஆங்கில வரலாற்று நூல்கள் அந்த எழுத்துக்கூட்டலையே எடுத்துக்கொண்டன. அதைப் படிக்கத் திணறிய பிரிட்டிஷ் சிப்பாய்கள் 1914-இல் ‘வைப்பர்ஸ்’ என்று புதுப்பெயரே சூட்டிவிட்டார்கள். முன்பதிவுப் படிவத்தில் பிரெஞ்சுப் பெயரை எழுதினாலும் புரிந்துகொள்வார்கள். ஆனாலும் டச்சுப் பெயரை எழுதுவதே பாதுகாப்பு.

பெயர் மாற்றம் இந்த ஓர் ஊரோடு நிற்பதில்லை. சாவென்டெமிலிருந்து கிளம்பி கென்டைத் தாண்டி ஈ17 நெடுஞ்சாலையில் ஏறியதும் பலகைகள் ‘கோர்ட்ரைக், ரைசெல்’ என்று காட்டும். வரைபடத்தில் ரைசெல் என்ற ஊரைத் தேடிக் காணாமல், ஓட்டுநர் எங்கேயோ கொண்டுபோகிறார் என்று பின்னிருக்கையில் கவலைப்படத் தேவையில்லை. ரைசெல் என்பது லீல் நகரின் டச்சுப் பெயர். சார்லெருவாவிலிருந்து வரும்போது இது தலைகீழாக நடக்கும். வலோனியாவுக்குள் ‘மோன்ஸ், டூர்னே’ என்று பலகைகள் வழிகாட்டும்; மொழி எல்லையைத் தாண்டியதும் அதுவரை ‘கூர்த்ரே’ என்றிருந்த ஊர் ‘கோர்ட்ரைக்’ ஆகிவிடும், பின்னால் விட்டுவந்த டூர்னே எதிர்ப்பக்கப் பலகையில் ‘டோர்னிக்’ என்று தெரியும், மோன்ஸ் ‘பெர்கன்’ ஆகியிருக்கும். தஞ்சாவூரும் தஞ்சையும் ஒன்றென்று நமக்குத் தெரிவதுபோல் அவர்களுக்கு இவை பழகிப்போனவை. புதிதாக வருபவர்தான் தடுமாறுவார்.

இன்னொரு பொறியும் உண்டு. ஈப்பரின் மிகப் பெயர்பெற்ற நினைவிடம் மெனின் வாயில். விடுதி அதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகச் சேருமிடம் என்ற கட்டத்தில் ‘மெனின்’ என்று மட்டும் எழுதிவிடக் கூடாது. அந்தப் பெயரில், அதாவது டச்சில் மெனன் என்று, தனி ஊரே இருக்கிறது. ஈப்பருக்குக் கிழக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டரில், நீங்கள் வரும் வழிக்கு அருகிலேயே அது இருப்பதால், அங்கே இறக்கிவிடப்பட்டாலும் முதலில் சந்தேகம் வராது. அந்த ஊரை நோக்கிச் செல்லும் சாலையில் இருப்பதால்தான் வாயிலுக்கு அந்தப் பெயர்.

இவற்றுக்கெல்லாம் ஒரே மருந்து நான்கு இலக்க அஞ்சல் எண். ஈப்பர் நகரத்துக்கு 8900. சுற்றியுள்ள சிற்றூர்கள் நிர்வாகத்தில் ஈப்பரோடு சேர்ந்தவையானாலும் அஞ்சல் எண்கள் வேறு: சில்லெபேக்கும் ஹொல்லெபேக்கும் 8902, பூசிங்க 8904, எல்வெர்டிங்க 8906, ஃப்ளாமெர்டிங்க 8908. விடுதி முகவரியில் ‘ஈப்பர்’ என்றிருந்தும் அது ஊருக்கு வெளியே வயல்களுக்கு நடுவில் உள்ள பண்ணை வீடாக இருக்கலாம். அஞ்சல் எண்ணைப் பார்த்தால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். ‘கெர்க்ஸ்ட்ராட்’, அதாவது தேவாலயத் தெரு, என்ற பெயர் நம் சன்னதித் தெருவைப் போல் அங்கே ஊருக்கு ஊர் இருப்பது. தெருப் பெயரை மட்டும் நம்பிப் புறப்படும் ஓட்டுநர் தவறான தேவாலயத்தின் முன் நிறுத்தினால் அவரைக் குறை சொல்ல முடியாது.

விலை பேசுவதும் முன்பதிவும்

விமான நிலைய வாசலில் வரிசையில் நிற்கும் மீட்டர் டாக்சியில் ஏறி “ஈப்பர் போங்கள்” என்று சொல்வதற்கு எந்தத் தடையும் இல்லை. ஆனால் சாவென்டெமிலிருந்து பிரசெல்ஸ் நகர மையம் வரையிலான சுமார் 15 கிலோமீட்டருக்கே 45 முதல் 50 யூரோ வரை ஆகும் என்பதை வைத்துக்கொண்டு, அதைப்போல் எட்டொன்பது மடங்கு தூரத்துக்கு மீட்டர் எங்கே போய் நிற்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். இந்தத் தொலைவுக்கு உகந்தது முன்கூட்டியே பேசி முடித்த நிலையான கட்டணம். டச்சில் ‘வாஸ்ட்டெ பிரைஸ்’ என்பார்கள். பிரசெல்ஸ் நிறுவனங்கள் இரண்டிடமும், ஈப்பர் அல்லது கோர்ட்ரைக்கைச் சேர்ந்த நிறுவனம் ஒன்றிடமும் விலை கேட்டுப் பாருங்கள். என் எண்ணத்தில் உள்ளூர் நிறுவனத்தை முதலில் கேட்பதே சரி. ஊரின் ஒருவழிப் பாதைகளும் சந்தை நாள்களும் அவர்களுக்கு மனப்பாடம். நீங்கள் திரும்பும் நாளிலும் அவர்கள் பக்கத்திலேயே இருப்பார்கள்.

சொல்லப்படும் தொகையில் எதெல்லாம் அடங்கியிருக்கிறது என்பதைக் கேட்டுத் தெளிய வேண்டும். வரி, விமான நிலையத்தில் கார் நிறுத்தும் கட்டணம், இரவு நேரக் கூடுதல், ஞாயிறு மற்றும் விடுமுறை நாள் கூடுதல், காத்திருப்பு நேரம், குழந்தை இருக்கை ஆகிய ஆறையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். சுங்கக் கட்டணம் என்று ஒரு வரி தனியாக வந்தால் என்னவென்று விசாரியுங்கள். இவ்விரண்டு விமான நிலையங்களிலிருந்தும் ஈப்பர் வரும் நெடுஞ்சாலைகளில் கார்களுக்குச் சுங்கம் கிடையாது.

காத்திருப்பு நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பல நிறுவனங்கள் விமானம் தரையிறங்கியதிலிருந்து குறிப்பிட்ட நேரம்வரை, பெரும்பாலும் ஒரு மணி நேரம், இலவசமாகக் காத்திருக்கும். அதற்கு மேல் கால் மணிக்கு இவ்வளவு என்று ஏறும். அந்த ஒரு மணி நேரம் உங்களுக்குப் போதுமா என்பது நீங்கள் வரும் வழியைப் பொறுத்தது. தமக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதியில் உள்ள ஃபிராங்ஃபர்ட் போன்ற நகரம் ஒன்றில் விமானம் மாறி வந்தால் குடிவரவுச் சோதனை அங்கேயே முடிந்துவிடும். பிரசெல்ஸில் பெட்டியை எடுத்துக்கொண்டு நேரே வெளியே வரலாம், அரை மணி நேரமே தாராளம். துபாய், தோஹா, அபுதாபி வழியாக வந்தால் கடவுச்சீட்டு வரிசையில் பிரசெல்ஸிலேயே நிற்க வேண்டும். 2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய நுழைவுப் பதிவு முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்திருப்பதால், குறுகிய காலப் பயணமாக முதன்முறை வருபவர்களிடம் முகப்படமும் கைரேகையும் எடுக்கிறார்கள்; வரிசை அதற்கேற்ப நீளும். இவ்வழியாக வருவோர் ஒன்றரை மணி நேரக் காத்திருப்பையாவது விலைக்குள் அடக்கிப் பேசிக்கொள்வது உத்தமம்.

விவரங்களை ஒரே செய்தியில், சுற்றி வளைக்காமல் அனுப்புங்கள். நான் ஆங்கிலத்தில் அனுப்பும் செய்தியின் சாரம் இப்படி இருக்கும்: “வருகை செப்டம்பர் 18, மதியம் 13:40, பெல்ஜிய நேரம். சாவென்டெம் விமான நிலையம், பி.ஆர்.யு. விமான எண் இது, தோஹாவிலிருந்து வருகிறது. பெரியவர்கள் நால்வர், 118 சென்டிமீட்டர் உயரமுள்ள குழந்தை ஒன்று. பெரிய பெட்டி நான்கு, கைப்பெட்டி மூன்று. இறங்கும் இடம் விடுதியின் பெயர், தெரு, கதவு எண், 8900 ஈப்பர். எல்லாம் உட்பட மொத்தத் தொகை எவ்வளவு, காத்திருப்பு எத்தனை நிமிடம், ரத்து செய்ய வேண்டுமானால் எப்போதுவரை செய்யலாம் என்று தெரிவிக்கவும்.” இவ்வளவையும் சொல்லிவிட்டால், பெட்டிகள் ஏறாத சின்னக் கார் வந்து நிற்கும் சங்கடம் இருக்காது.

இந்தச் செய்தியில் சில நுணுக்கங்கள் உண்டு. சென்னையிலிருந்து பின்னிரவில் கிளம்பும் விமானத்துக்கும் நள்ளிரவுக்கு முன் கிளம்பும் விமானத்துக்கும் தேதி ஒரு நாள் மாறுபடும்; ஆகவே புறப்படும் தேதியை எழுதாமல் பெல்ஜியத்தில் இறங்கும் தேதியை எழுத வேண்டும். பெல்ஜியக் கடிகாரம் கோடையில் நம்மைவிட மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நான்கரை மணி நேரமும் பின்தங்கியது. மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில் அது மாறும். குழந்தைக்கு வயதைவிட உயரத்தைச் சொல்வது பயன் தரும். 135 சென்டிமீட்டருக்குக் குறைவான பிள்ளைகளுக்குத் தகுந்த இருக்கை வேண்டும் என்பது பெல்ஜிய விதி. சாதாரண ஓட்டுநர் உரிமத்தில் ஓட்டக்கூடிய வேன்களில் ஓட்டுநரைத் தவிர எட்டுப் பேர்தான் ஏறலாம்; ஒன்பதாவது ஆளை மடியில் உட்காரவைக்கும் பேச்சுக்கே அங்கே இடமில்லை.

இறங்கிய பின்

சாவென்டெமில் பயணிகள் வெளிவரும் கூடம் இரண்டாம் தளத்தில் இருக்கிறது. ரயில் அதற்கு வெகு கீழே, தரைக்கு அடியில். முன்பதிவு செய்த ஓட்டுநர் பெரும்பாலும் அந்தக் கூடத்திலேயே உங்கள் பெயர் எழுதிய பலகையோடு நிற்பார்; வேறு இடத்தில் சந்திப்பதாக நிறுவனம் சொல்லியிருந்தால் அந்தச் செய்தியைக் கைபேசியில் படமாகச் சேமித்துவையுங்கள். தமிழ்ப் பெயர்களில் ஒரு தொல்லை உண்டு. கடவுச்சீட்டில் தந்தை பெயர் குடும்பப் பெயராகப் பதிவாகியிருந்தால் பலகையில் அப்பாவின் பெயர்தான் இருக்கும்; தம் பெயரைத் தேடிக்கொண்டு அதே பலகையை இரண்டு முறை கடந்து போனவர்களை எனக்குத் தெரியும். பலகையில் என்ன எழுத வேண்டும் என்பதை நீங்களே சொல்லிவிட்டால் தீர்ந்தது.

கூடத்தில் யாராவது பக்கத்தில் வந்து “டாக்சி வேண்டுமா?” என்று காதோடு கேட்டால் மறுத்துவிட்டு நகருங்கள். முறையான டாக்சிகள் வெளியே அவற்றுக்குரிய வரிசையில் நிற்கும். ஆளைத் தேடி உள்ளே வராது. உரிமம் பெற்ற வாகனத்தை எண் பலகையிலிருந்தே அறியலாம். பெல்ஜியத்தில் எண் பலகை வெள்ளை, எழுத்துகள் கருஞ்சிவப்பு. டாக்சியாகவோ ஓட்டுநருடன் கூடிய வாடகைக் காராகவோ ஓடும் வண்டிகளில் அது ‘டி’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். கட்டணத்தை அட்டையிலேயே செலுத்தலாம். 2022 ஜூலை 1 முதல் ஒரு மின்னணுவழிக் கட்டண வசதியையாவது வைத்திருக்க வேண்டும் என்பது அந்நாட்டு வணிகங்களுக்கு விதி. ஆனாலும் உள்ளூர் அட்டை மட்டும்தானா, இந்திய அட்டை செல்லுமா என்று முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ளுங்கள். தனியாக இனாம் தர வேண்டிய கட்டாயம் இல்லை. பெட்டிகளைத் தூக்கி உதவினால் சில யூரோ கொடுப்பது உங்கள் விருப்பம்.

பேச்சுமொழி பற்றி ஒரு வார்த்தை. நமக்குப் பள்ளிப் பிரெஞ்சு கொஞ்சம் தெரிந்திருந்தாலும் ஃபிளாண்டர்ஸ் ஓட்டுநரிடம் அதில் தொடங்க வேண்டாம். மொழிச் சிக்கல் அந்நாட்டில் பழைய புண். ஆங்கிலத்தில் பேசினால் இருவருக்கும் எளிது.

சாலையில்

சாவென்டெமிலிருந்து கார் முதலில் பிரசெல்ஸ் வட்டச் சாலையில் ஏறி, வில்வோர்டே மேம்பாலத்தைக் கடந்து, மேற்கே ஈ40 நெடுஞ்சாலையில் கென்ட் நோக்கித் திரும்பும். அங்கிருந்து ஈ17-இல் கோர்ட்ரைக், பிறகு ஏ19-இல் ஈப்பர். போக்குவரத்து சீராக இருந்தால் ஒன்றரை மணி நேரப் பயணம். வட்டச் சாலையில் காலை ஏழிலிருந்து ஒன்பதரை வரையும் மாலை நான்கிலிருந்து ஏழு வரையும் கார்கள் ஊரும். அந்த வேளைகளில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம்வரை கூடுதலாக ஒதுக்குங்கள். கோர்ட்ரைக்கைத் தாண்டினால் நெரிசல் அனேகமாகத் தீர்ந்துவிடும். ஏ19 ஈப்பருக்கு வெளியே திடீரென்று முடிந்துபோகும் சாலை. அது முடியுமிடத்தில் இருபுறமும் வயல், தொலைவில் துணி மண்டபத்தின் மணிக்கூண்டு.

சார்லெருவாவிலிருந்து வருவோர் பிரசெல்ஸைத் தொடவே வேண்டியதில்லை. மோன்ஸ், டூர்னே வழியாக ஈ42, அங்கிருந்து ஈ403, பிறகு அதே ஏ19.

ஊருக்குள் நுழையும் நேரம்

பெரிய நகரங்களில் எத்தனை மணிக்குச் சேர்ந்தாலும் விடுதி வாசலில் இறங்கிவிடலாம். ஈப்பரில் இரண்டு வேளைகளில் அது நடக்காது.

முதலாவது, தினமும் இரவு எட்டு மணி. 1927 ஜூலை 24 அன்று திறக்கப்பட்ட மெனின் வாயிலில், கல்லறை தெரியாமல் மறைந்த ஐம்பத்து நான்காயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. 1928 முதல் அங்கே இரவு எட்டு மணிக்கு எக்காளம் முழங்கி அஞ்சலி செலுத்துகிறார்கள். இரண்டாம் உலகப் போரின் ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தைத் தவிர அது தொடர்ந்து நடந்துவருகிறது. வாயிலுக்கு அடியில் செல்வது வண்டிகள் ஓடும் பொதுச் சாலை. ஆகவே நிகழ்ச்சிக்கு முன்பே காவலர்கள் சாலையின் குறுக்கே நின்று போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள். ஓடிக்கொண்டிருந்த இன்ஜின்கள் ஒவ்வொன்றாக அணைந்து, சில நிமிடங்களுக்குத் தெரு முழுவதும் ஓசையடங்கும். ஏழரைக்கும் எட்டரைக்கும் இடையில் ஊருக்குள் வர நேர்ந்தால், கிழக்கே வாயில் வழியாக வராமல் மேற்கே ரயில் நிலையப் பக்கமாகவோ தெற்கே ரைசெல் வாயில் பக்கமாகவோ வரும்படி ஓட்டுநரிடம் சொல்லுங்கள். விடுதி வாயிலுக்கு மிக அருகில் இருந்தால், எட்டரைக்குப் பிறகு சேரும்படி நேரத்தை அமைத்துக்கொள்வதே மேல்.

இரண்டாவது, சனிக்கிழமை காலை. அன்று நகரச் சதுக்கத்தில் வாரச் சந்தை கூடும். நாள்தோறும் கார்கள் நிற்கும் இடத்தில் அன்று பாலாடைக்கட்டியும் பூக்களும் வறுத்த கோழியும் விற்கும் கடைகள் நிற்கும். சதுக்கத்தை ஒட்டிய விடுதிகளுக்குப் பெட்டிகளை உருட்டிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும். கற்கள் பாவிய தரையில் சின்னச் சக்கரப் பெட்டியை இழுப்பது எவ்வளவு சிரமம் என்பதை இழுத்துப் பார்த்தவர்களே அறிவார்கள். பக்கத்துத் தெருவில் கார் நிற்கக்கூடிய இடம் எது என்று விடுதியையே கேட்டு ஓட்டுநருக்குத் தெரிவித்துவிடலாம். போர் முடிந்த நாளான நவம்பர் 11 அன்றும், மூன்றாண்டுக்கு ஒருமுறை மே மாத இரண்டாம் ஞாயிறன்று நடக்கும் பூனை ஊர்வலத்தன்றும் ஊரே நிரம்பி வழியும். 2024-இல் ஊர்வலம் நடந்தது. அந்த முறைப்படி அடுத்தது 2027. இந்நாள்களுக்குப் பல மாதங்கள் முன்பே டாக்சியையும் அறையையும் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும்.

சுற்றுப்புறத்துக்கும் அதே கார்

இந்தியாவிலிருந்து வருவோரில் பலர் பார்க்க விரும்பும் இடங்கள் ஊருக்கு வெளியே சிதறிக் கிடக்கின்றன. 1914 அக்டோபர் 31 அன்று ஹொல்லெபேக் போர்முனையில் காட்டிய தீரத்துக்காக, பிரிட்டனின் மிக உயர்ந்த போர் வீர விருதான விக்டோரியா சிலுவையை, இந்தியப் படையின் இந்தியச் சிப்பாய்களில் முதன்முதலாகப் பெற்றவர் குதாதாத் கான். அந்த ஹொல்லெபேக் ஈப்பரிலிருந்து கால் மணி நேரக் கார்ப் பயணம். காமன்வெல்த் போர்க் கல்லறைகளில் மிகப் பெரியதான டைன் காட் கல்லறை, பாசென்டேல் அருகே, வடகிழக்கில் இருக்கிறது. இவற்றைக் காண விரும்பினால், விமான நிலையத்திலிருந்து கொண்டுவரும் நிறுவனத்திடமே அரை நாள் வாடகைக்கும் சேர்த்து விலை கேளுங்கள். தனித்தனியாக அமர்த்துவதைவிட இது மலிவாக முடிய வாய்ப்பு உண்டு. வந்திறங்கும் நாளிலேயே அதையும் வைத்துக்கொள்ள வேண்டாம். இரவு முழுவதும் விமானத்தில் உட்கார்ந்து வந்தவருக்கு எந்தக் கல்லறையும் கண்ணில் தங்காது. மெனின் வாயிலையும், அதை ஒட்டிய அரண்மேட்டில் உள்ள இந்தியப் படையினர் நினைவுச்சின்னத்தையும் பார்க்க டாக்சியே வேண்டாம். சதுக்கத்திலிருந்து நடந்தே போகலாம்.

திரும்பும் நாள்

திரும்பும் காரை வரும் காரோடு சேர்த்தே பதிவு செய்துவிடுங்கள். ஈப்பர் தெருக்களில் கையைக் காட்டி நிறுத்தும்படி டாக்சிகள் சுற்றிக்கொண்டிருப்பதில்லை.

புறப்படும் நேரத்தை விமானத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். சாவென்டெமிலிருந்து காலை 10:30-க்கு விமானம் என்று வைத்துக்கொள்வோம். தொலைதூரப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னதாக, 7:30-க்கு அங்கே இருக்க வேண்டும். சாலைக்கு ஒன்றரை மணி நேரம். வட்டச் சாலையில் சரியாகக் காலை நெரிசல் தொடங்கும் வேளையில் நுழைவதால் இன்னும் ஒரு மணி நேரம். ஆக 5:00 மணிக்கு ஈப்பரை விட்டுக் கிளம்பியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமையானால் 5:45 போதும். நிறுவனம் 5:30 என்று நேரம் குறித்து அனுப்பினால், அது எந்தக் கிழமைக்கான கணக்கு என்று கேளுங்கள்.

சிறிய விடுதிகள் பலவற்றில் அந்த நேரத்தில் வரவேற்பு மேசையில் ஆள் இருக்கமாட்டார். கணக்கை முந்தின மாலையே தீர்த்து, சாவியை எங்கே போட வேண்டும், தெருக்கதவு உள்ளிருந்து எப்படித் திறக்கும் என்பதைக் கேட்டுவையுங்கள். காலை உணவுக்குப் பதிலாக ரொட்டியும் பழமும் கட்டித் தரச் சொன்னால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். ஓட்டுநரின் நேரடிக் கைபேசி எண்ணை அன்று இரவே வாங்கி, விடுதியின் கதவு எண்ணையும் 8900 என்ற அஞ்சல் எண்ணையும் இன்னொரு முறை அவருக்கு அனுப்பிவிட்டுப் படுங்கள்.